பியூன் ரிஜிஸ்தரில் விழுந்த கையெழுத்து

முப்பதுகளில் கோவையில் ஒரு தொழிற்பள்ளி தொடங்கியபோது நான் அதன் தலைமைக் குமாஸ்தா. அது கல்லூரியாக வளர்ந்து, நானும் ரிஜிஸ்திராராக ஓய்வு பெற்றேன். விழா மலர்களில் என்னைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அவற்றில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. ஆசிரியர் பட்டியலில் ரங்கசாமி அண்ணன் பெயருக்கு எதிரே, 'தகுதி' என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. மில்லில் பிட்டராக இருந்தவர். பையன்களுக்கு லேத் வேலை முழுவதையும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு.

நான் பெரிய மேதாவி அல்லவா! அவர் பெயரை ஆசிரியர் ரிஜிஸ்தரில் அடித்துவிட்டுப் பியூன் ரிஜிஸ்தரில் எழுதினேன். பி.ஏ. படித்த என் மைத்துனனுக்குக் கோட்டு மாட்டி லேத் பக்கத்தில் நிறுத்தினேன்.

"ஏனுங்கண்ணா, இன்னிக்கு ஒருநா மட்டும் காப்பித் தட்டத் தூக்கோணுமுங்க. பள்ளிக்கூடம் பொழைக்கோணுமுங்களே."

"அதுக்கென்னுங்க, செஞ்சுபோடலாமுங்க" என்றார்.

அதிகாரி லேத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார். மைத்துனன் வெட்டும் டூலை வைத்து அழுத்தியதும் இரும்பு கிறீச்சிட்டு அதிர்ந்தது. அவன் பயந்து பின்வாங்கினான். அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். பெல்ட்டைத் தள்ளி லேத்தை நிறுத்தி, டூலைச் சரியாகப் பொருத்தி, மறுபடி ஓட்டினார். இரும்பு சுருள் சுருளாக விழுந்தது.

"பியூனுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்குடுத்தா?" என்று அதிகாரி வியந்தார்.

பையன்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க இன்ஸ்ட்ரக்டர்தாங்க. அவரு செய்யறதப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டான்" என்றேன்.

அண்ணா என்று கூப்பிட்டவரை 'கத்துக்கிட்டான்' என்றது என் வாய்தான். அவர் காப்பி ஆறிவிட்டது என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார். பியூனே இவ்வளவு தேறியிருக்கிறானே என்று மகிழ்ந்து அதிகாரி அங்கீகாரத்துக்குச் சிபாரிசு செய்தார்.

மறுநாள் காலை அண்ணன் பெயரை ஆசிரியர் ரிஜிஸ்தரில் மறுபடியும் எழுதி நீட்டினேன். அவர் பியூன் ரிஜிஸ்தரை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அது நேத்தைக்கு மட்டுந்தானுங்கண்ணா."

"பசங்க முன்னால சொல்லிப்போட்டீங்களே. இனி நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவுங்களுக்குச் சொல்லிக்குடுக்கறதுங்க? வாரேனுங்க."

கும்பிட்டுவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆபீஸ் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். படிவத்தில் இடமில்லாத ஆளை ஒளித்து வைக்காதீர்கள், அவருக்காக வாதாடுங்கள். 'இவர்தான் எங்கள் ஆசிரியர்' என்று அன்று சொல்லியிருந்தால் அங்கீகாரம் கிடைக்காமல் போயிருக்குமா? தெரியாது. நான் சொல்லிப் பார்க்கவே இல்லை.