எண்ணூர் வரைக்கும் அரிசி

கள்ளக்குறிச்சியில் எங்கள் அரிசிக் கடைக்கு எதிரில்தான் சென்னை பஸ்ஸுக்கு ஆட்கள் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், கச்சிராயபாளையத்துக்காரர்கள், ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்று எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். யாரைக் கேட்டாலும் ‘கம்பெனிக்குப் போறேன்’ என்பார்கள். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று நான் கேட்டதே இல்லை. எனக்குச் சென்னை என்றால் பெரிய ஆஸ்பத்திரியும் கல்யாணத்துக்குத் துணி எடுக்கும் கடைகளும்தான்.

அவர்களில் மலையிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் மாதம் ஒருமுறை பஸ் ஏறும் முன் எங்களிடம் ஐந்து கிலோ பொன்னி வாங்கிப் போவாள். ஒருநாள் எடை போட்டுக்கொண்டே கேட்டேன்.

“ஏம்மா, சென்னையில அரிசி கிடைக்காதா?”

“கிடைக்குதுக்கா. நம்ம வாய்க்குப் புடிச்சது கம்மி. நாங்க இருக்கறது ஒரகடம் பக்கத்துல. அங்க மெஸ்ஸுங்க மட்டும் எத்தினி இருக்குது தெரியுமா? நீங்களே கொண்டாந்து போடலாமே.”

போகிற போக்கில் சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். எனக்கு அன்று வேறு எதுவும் ஓடவில்லை. இத்தனை பேர் போகிறார்களே, இவர்கள் எல்லோருக்கும் தினமும் யாரோ சோறு ஆக்கத்தானே வேண்டும்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“இங்க கடையப் பாத்துக்கினு இருக்கறதே பெரும்பாடா இருக்குது. அங்க போயி யார்கிட்ட இன்னான்னு கேப்ப?”

“சோறு ஆக்கறவங்ககிட்ட கேக்கப் போறேங்க. வேற யார்கிட்ட கேப்பாங்க?”

வெள்ளிக்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. இரண்டு வாரம் நான் விடாமல் பேசியதில், ஒரு வெள்ளிக்கிழமை அவர் விடியற்காலைத் தொழுகையை முடித்த கையோடு குட்டியானையை எடுத்தார். சின்னச் சரக்கு வண்டி அது. நாலு மூட்டை பொன்னி, ஒரு மூட்டை பச்சரிசி ஏற்றியிருந்தோம். பின்பக்கம் லேசாக இருந்தால் வண்டி தூக்கிப் போடும் என்று, கடையில் போகாமல் கிடந்த குண்டு புழுங்கல் அரிசியிலும் இரண்டு மூட்டை போட்டார். ஆறு சாம்பிள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னால் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக்கூட நான் அப்படிக் கிளம்பியதில்லை.

செங்கல்பட்டு தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. மறைமலைநகரில் இரண்டு அடுக்காகப் புதுக் கார்களை ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில் பாதையைக் கடந்து ஒரகடம் சாலையில் திரும்பினோம். அங்கேதான் அதைப் பார்த்தேன். உடம்பே இல்லாத லாரி ஒன்று எதிரில் வந்தது. நாலு சக்கரம், இரண்டு இரும்புச் சட்டம், ஒரு ஸ்டியரிங். கூரையில்லை, கதவில்லை. ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட், முகத்தில் துண்டு. அதன் பின்னால் அதேபோல இன்னொன்று, இன்னொன்று. மேலே பாடி கட்டுவதற்காக வேறு ஊருக்குப் போகின்றனவாம். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எண்ணத் தொடங்கினேன்.

“உள்ள வா. அரிசி விக்க வந்தியா, லாரி வாங்க வந்தியா?” என்றார் அவர். ஆனால் அவரும் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினார்.

ஒரு கம்பெனியின் மதில் முடிவதற்குள் நான் ஒரு டீயே குடித்து முடித்துவிடலாம். அவ்வளவு நீளம். முதல் கம்பெனி வாசலில் காவலாளி மரியாதையாகவே சொன்னார், கேன்டீன் காண்டிராக்ட் எல்லாம் ஹெட் ஆபீஸில் என்று. இரண்டாவது வாசலிலும் அதே பதில். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி ஒன்றில் சாம்பிள் பையை வாங்கி முகர்ந்து பார்த்த ஒருவர், ‘போன் பண்றோம்’ என்று நம்பர்கூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

“நான் சொன்னேன் இல்ல?” என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு வருத்தமே வரவில்லை. அந்தச் சாலையில் தமிழ் போர்டுக்குப் பக்கத்தில் இந்தி போர்டு, அதற்குப் பக்கத்தில் வட்டமும் கோடுமாகக் கொரிய எழுத்து போட்ட ஒரு ஓட்டல். சீருடை போட்ட பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு பஸ்ஸில் நாற்பது பேர் என்றாலும் நாற்பது தட்டு சோறு. மனசுக்குள் மூட்டைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

வெளிவட்டச் சாலையைப் பிடித்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்தபோது ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஒரு வேப்ப மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் பள்ளிவாசலுக்குப் போனார். “எங்கயும் போயிடாத” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒரகடத்தின் மதில்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே எல்லாம் சின்னச் சின்னப் பட்டறைகள். லேத் மிஷின் இரும்பைச் சீவுகிற சத்தமும் எண்ணெய் வாசனையுமாக இருந்தது. தரையில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். மரத்துக்கு எதிரில் தகரக் கூரை போட்ட ஒரு மெஸ். நான் எங்கேயும் போகவில்லை, தெருவைத் தாண்டினேன், அவ்வளவுதான்.

உள்ளே ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். அரிசி கொண்டுவந்திருப்பதைச் சொல்லி, “வூட்டுக்காரரு தொழப் போயிருக்காரு. அதுக்குள்ள நீங்க பாத்துடுங்க” என்றேன்.

அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பேச்சு நம்ம பக்கமா இருக்குதே, எந்த ஊரும்மா நீ?”

“கள்ளக்குறிச்சி.”

“நானும் அந்தப் பக்கந்தான், களமருதூர். வந்து இருபது வருசம் ஆவுது. உக்காரு.”

பொன்னியை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். “நல்ல அரிசிதான். ஆனா என்கிட்ட துன்றவங்கள்ல பாதிப் பேரு ஒடிசாக்காரங்க. பொன்னி சோறு அவங்களுக்கு வயித்துல நிக்கலியாம். தெனம் இதே பேச்சு.”

அப்போது கை கழுவிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி திரும்பி, தமிழும் இந்தியுமாகக் கேட்டார். “அக்கா, மோட்டா சாவல் இருக்கா?”

எங்கள் கடைவீதியில் உருது காதில் விழாத நாளில்லை. அதனால் புரிந்துவிட்டது, தடித்த அரிசி கேட்கிறார். சட்டென்று எனக்கு அந்த இரண்டு மூட்டை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஒரு மூட்டையைப் பிரித்து முறம் நிறைய அள்ளி வந்தேன். அந்த அம்மா முகம் சுளித்தார்.

“இது இட்டிலிக்குப் போடற அரிசிம்மா.”

“கொஞ்சம் ஆக்கிப் பாக்கலாங்க. நானே ஆக்கறேன்.”

மூன்றாவது அடுப்பு சும்மா இருந்தது. அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். முதல் பந்தி முடிந்து இரண்டாவது பந்திக்கு ஆள் வந்தபோது சோறு மல்லிகை மொட்டு மாதிரி தடித்து நின்றது. அந்தத் தொழிலாளி பருப்பும் ஒரு பச்சை மிளகாயும் கேட்டு வாங்கிப் பிசைந்தார். ஒரு கவளம் வாயில் போட்டவர் உடனே தன்னோடு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எட்டுப் பேர் வந்தார்கள். பானை காலியானது.

என் வீட்டுக்காரர் தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி வந்தபோது, இரண்டு பேர் குண்டு அரிசி மூட்டை ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா நடக்குது இங்க?”

“எங்க ஊருப் பொண்ணு அரிசி எறக்குது” என்றார் அந்த அம்மா. “பாய், மாசா மாசம் வந்துடணும். மணலியில என் நாத்தனாரு மெஸ் வச்சிருக்கா. அங்கயும் எல்லாம் வடக்கத்தி ஆளுங்கதான். மீதி குண்டு மூட்டைய அங்க குடுங்க, நான் போன் பண்றேன்.”

மணலியில் பெட்ரோல் சுத்திகரிக்கிற ஆலையின் குழாய்கள்தான் ஊர். ஆள் உயரக் குழாய்கள் சாலையோடு கூடவே வந்தன. தூரத்தில் ஒரு உயரமான குழாயின் உச்சியில் பட்டப்பகலில் நெருப்பு எரிந்தது. அந்த அம்மாவின் நாத்தனாருக்கு அதற்குள் போன் வந்திருந்தது. அரிசியைக் கடித்துப் பார்த்தார், மூட்டையை உள்ளே வைக்கச் சொன்னார்.

விற்காத பொன்னியோடு அங்கேயே திரும்பியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. இது எங்கே முடிகிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்றேன். அவர் அதிசயமாக மறுக்கவில்லை. கன்டெய்னர் லாரிகளின் நடுவே ஊர்ந்து எண்ணூருக்குப் போனோம். கடல் வந்தது. கடலுக்கு முன்னால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள், அடிவானத்தில் காத்துக் கிடக்கும் கப்பல்கள், முகத்துவாரத்தில் வலை வீசுகிற படகுகள். காலையில் மறைமலைநகரில் தொடங்கி இங்கே வரை, நடுவில் எங்கும் ‘இதோடு முடிந்தது’ என்று சொல்லும்படி ஒரு இடத்தை நான் பார்க்கவில்லை. கார், லாரி, போன், போல்ட், பெட்ரோல், கரண்ட் என்று ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொன்று செய்கிறது. எல்லா இடத்திலும் மத்தியானம் பசிக்கிறது.

இப்போது மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை போகிறோம். குண்டு அரிசிக்காகவே களமருதூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஒரகடத்து வாசல்கள் இன்னும் திறக்கவில்லை. நான் விடுவதாக இல்லை.

அன்றைக்கு எண்ணூர்க் கடற்காற்றில் நின்று டீ குடித்து முடித்ததும் அவர் கேட்டார், “வந்த வழியிலயே போயிடலாமா?”

“வேணாங்க. துறைமுகம், கிண்டின்னு பாக்காத பக்கமாப் போவலாம்” என்றேன்.

சுற்றுதான் என்று முனகிக்கொண்டே அவர் வண்டியைத் தெற்கே திருப்பினார்.