மருவும் மாதப் பென்ஷனும்

முப்பத்தொரு வருஷம் ஆம்பூரில் உபாத்தியாயராக இருந்து, இப்போது பென்ஷன் வாங்குகிறேன். என்னைப் போன்ற கிழவர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

போன சித்திரையில் பேத்திக்குக் கல்யாணம். என் வலது கன்னத்தில் மிளகளவு மரு ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுத் தோல் மண்டி சாயபு, "இன்னா வாத்தியாரே, கல்யாணத்துல இதோடவா நிப்பீங்க?" என்று கேலி செய்து, குதிரைவால் மயிரால் அதை இறுகக் கட்டிவிட்டார். ஒன்பதாம் நாள் மரு உதிர்ந்தது.

அடுத்த முதல் தேதி வேலூர் கஜானாவுக்குப் போனேன். பழைய குமாஸ்தா மாற்றலாகியிருந்தார். புதியவர் பென்ஷன் சீட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வலது கன்னத்துல மருன்னு எழுதிக்கீது. மரு எங்க? அவரு செத்துட்டாரா? நீ யாருய்யா?"

எனக்கும் மனைவிக்கும் வேறு வரும்படி கிடையாது.

"அடையாளம் ரெண்டு எழுதறது வழக்கம். நீங்க படிச்சது ஒண்ணு," என்றேன்.

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மேலே வாசித்தார்: "இடது முழங்காலுக்குக் கீழ் ஏழு தையலுள்ள தழும்பு."

வேஷ்டியைத் தூக்கி, காலைப் பெஞ்சின்மேல் வைத்தேன். "எண்ணுங்க!"

கஜானா அதிகாரியே எழுந்து வந்து, குனிந்து விரல் வைத்து எண்ணினார். ஏழும் இருந்தன.

"காலை எறக்குங்க பெரியவரே, கையெழுத்துப் போடுங்க," என்றார். வரிசையில் நின்ற பென்ஷன்காரர்கள் கைதட்டினார்கள்.

உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதென்று இன்றே படித்துவையுங்கள். நான் மாதம் பிறந்ததும் தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் ரயிலேறுகிறேன். தழும்புக்கும் ஒரு தைலம் உண்டென்கிறார் சாயபு. அவர் தலையைக் கண்டாலே வேஷ்டியைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.