பழசாக்குகிற மாமா

என் அக்கா புருஷன் பொன்னுரங்கத்தைப் பற்றி யாராவது, "அவருக்கு ரயில் பொம்மைப் பைத்தியமாமே" என்று கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ரயில் பைத்தியமாக மட்டும் இருந்திருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

கடலூர் பழைய டவுனில் அவர்கள் வீடு. மாடியில் இருப்பது ஒரே அறை. அந்த அறை முழுக்க இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை மேடை. அதன்மேல் விரல் நீள ரயில் பெட்டிகள், தண்டவாளம், குட்டி ஸ்டேஷன், குட்டி சிக்னல். அந்த ரயில் ஓடி நான் பார்த்தது ஒரே தடவை. ஸ்விட்சைப் போட்டார், கிளம்பியது, வளைவில் போய் நின்றுவிட்டது. நான் குனிந்து தள்ளிவிடப் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த வுடு மச்சான், அப்புறம் பாத்துக்கலாம். ஸ்டேசனுக்குப் பின்னால அந்த வேப்பமரத்தப் பாரு. காத்துக்கு ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி இருக்குதா?"

இதுதான் அவர். ரயில் ஒரு சாக்கு. அதற்கு வெளியே இருக்கிற உலகம் மொத்தமும் அவருக்கு வேண்டும்.

அந்த வேப்பமரத்துக்காக அக்கா வீட்டில் டீ போட்ட தூளை ஒரு நாளும் குப்பையில் கொட்ட முடியாது. மொட்டைமாடியில் காயவைத்து, பச்சைச் சாயம் போட்டு, இலையாகவும் புல்லாகவும் ஆக்கிவிடுவார். கடற்கரை மணலை அக்காவின் மாவு சல்லடையில் சலித்து ரோடு போட்டார். அன்றைக்கு இடியாப்பம் நறநறவென்று இருந்ததற்கு அக்கா மாவு மில்காரனிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

பிறகு உப்பங்கழி ஓரமாக ஒரு பாலம் வைக்க வேண்டும் என்றார். தண்ணீருக்குள் நிற்கிற மரத்தின் வேர் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். சிதம்பரத்தில் எனக்குச் சைக்கிள் உதிரிபாகக் கடை. ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளும் வண்டியில் அவரை உட்கார வைத்துக் கிள்ளை உப்பங்கழிக்குப் போனேன். படகில் ஏறினோம். வேரைப் பார்த்தார், படம் எடுத்தார், அது வரைக்கும் சரி. அப்போது ஒரு பறவை வந்து கிளையில் உட்கார்ந்தது. முடிந்தது என் கதை. அடுத்த மாதமே ஒரு பைனாகுலர் வந்துவிட்டது. அதற்கப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் பிரியாணி கிள்ளையில் சேற்றுக்குள் போயிற்று என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"கொக்குதானே மாமா, எல்லாம் ஒண்ணுதானே" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"அது கொக்கு இல்ல மச்சான், நத்தைகுத்தி நாரை. மூக்கப் பாரு, நடுவுல இடைவெளி வுட்டிருக்கும்" என்று திரும்பி வருகிற வழியெல்லாம் நாரையின் மூக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்குப் பசியில் உயிர் போனது.

ஸ்டேஷன் இருந்தால் ஆள் இருக்க வேண்டுமே. அதனால் களிமண்ணில் மனிதர்கள் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் எந்தக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறான் என்று பார்க்கச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை ஏறாமல் கொள்ளாமல் ஜனங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளை யார் சும்மா விடுவார்கள்? போலீஸ்காரர் வந்து என்னய்யா என்று கேட்டிருக்கிறார். "சும்மா ஆளுங்களப் பாக்குறேன் சார்" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார் இந்த மகராசன். நான் கடையை மூடிவிட்டுப் போய்க் கூட்டி வந்தேன்.

சுவர் விஷயம் தனி. அவர் போனைத் திறந்தால் பெற்ற மகள் சுவேதாவின் படம் நாலு இருந்தால் பெரிது. மற்றதெல்லாம் சுவர். பாசி பிடித்த சுவர், காரை பெயர்ந்த சுவர், மழைத்தண்ணீர் வழிந்து கறுத்த சுவர். பழைய டவுனில் ஒரு தெருவில் இவர் வீடு வீடாகச் சுவரைப் படம் எடுக்க, நகராட்சி ஆள் என்று நினைத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டு சாக்கடை எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் "பாக்குறேன்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இன்றைக்கும் அந்தத் தெருக்காரர்கள் மார்க்கெட்டில் அக்காவைப் பிடித்துச் சாக்கடையைப் பற்றிக் கேட்கிறார்கள்.

இவர் ஒருவர்தான் இப்படி என்றால் விதி என்று விட்டுவிடலாம். நெல்லிக்குப்பத்தில் தேவசகாயம் என்று ஒரு கூட்டாளி. அவர் வீட்டிலும் ரயில் மேடை இருக்கிறது. ஒரு நாள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தபோது கூடவே உட்கார்ந்திருந்தேன். தேவசகாயம் ஸ்டேஷனுக்குக் குட்டிக் கடிகாரம் செய்யப் போய், இப்போது ஊரில் இருக்கிற பழைய சுவர்க்கடிகாரத்தையெல்லாம் வாங்கிப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். அவர் பெண்டுலத்தைப் பற்றிப் பேசினார், இவர் நாரையைப் பற்றிப் பேசினார். காபி இரண்டு தடவை வந்தது.

"அப்ப ரயிலு?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் கேட்கக் கூடாததைக் கேட்டவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய பழசாக்குகிற வேலை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். கடல் காற்றில் குழாயெல்லாம் துருப்பிடிக்கும். துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதுதான் அவர் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் நேர் எதிர். புதுப் பெட்டியைக் கையில் எடுத்துப் பெயிண்டால் துருவை வரவழைப்பார். செங்கல் பொடி, ஊதுபத்திச் சாம்பல், அடுப்புக்கரி எல்லாம் சின்னச் சின்ன டப்பாவில் இருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைப்பார். ஆணிக்குக் கீழே மழைத்தண்ணீர் இறங்கின கோடு, சக்கரத்தின் மேல் எண்ணெய்க் கசடு என்று, கையால் தடவினாலும் நிஜத் துரு என்றுதான் தோன்றும்.

"புதுசா இருந்தா பொய் மாதிரி இருக்குது மச்சான். பழசாக்குனாத்தான் உசுரு வருது" என்பார்.

ரயில் மேடை இருக்கிறது, அதோடு செய்துகொள்ளட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

அக்கா தில்லையம்மாளுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. சொந்தமாக டிபன் கடை வைக்க வேண்டும். அவள் கைப்பக்குவம் எங்கள் சொந்தத்தில் பிரசித்தம். நான்தான் சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். வெள்ளை அடித்து, டைல்ஸ் போட்டு, புதுத் தண்ணீர்த் தொட்டி வைத்து, புது ஷட்டர் மாட்டினோம். பக்கத்துத் தெருவில் ஒரு பெண்கள் விடுதி. தினமும் காலை டிபனுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வார்டன் ஸ்ரீமதி மேடத்தை அக்கா தானே போய்ப் பார்த்துப் பேசினாள். அந்த அம்மாவுக்கு அக்காவின் இட்லி பிடித்துவிட்டது. சமையல்கட்டை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு ஆர்டர் தருகிறேன் என்றார். அந்த ஒரு ஆர்டர் இருந்தால் கடை காலூன்றிவிடும். அதை நம்பித்தான் அக்கா துணிந்து இறங்கினாள்.

வார்டன் வருவதற்கு முந்தின நாள் பாத்திரங்களை எடுத்து வர நானும் அக்காவும் கடலூர் போனோம். மாமா லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் கடைக்கு வந்திருந்தார். "நீங்க போய்ட்டு வாங்க. நான் போர்டு எழுதி வெக்கிறேன்" என்றார். எழுத்து அழகாக இருக்கும், எழுதட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை குட்டியானை வண்டியில் பாத்திரத்தோடு வந்து இறங்கினோம். நான் முதலில் சந்து மாறி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஷட்டரின் கீழ் ஓரமெல்லாம் துரு. சன்ஷேடில் புறா எச்சம். உள்ளே போனால் அடுப்புக்கு மேல் சுவர் முழுக்க எண்ணெய்ப் புகை ஏறிக் கறுத்திருந்தது. இன்னும் ஒரு தோசைகூடச் சுடாத அடுப்பு அது. தண்ணீர்த் தொட்டியின் ஒவ்வொரு போல்ட்டுக்குக் கீழேயும் துரு வழிந்திருந்தது. மூலையில் விரிசல், விரிசலில் பாசி.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எப்படி இருக்குது? ரெண்டு தலைமுறையா நடக்குற கடை மாதிரி இல்ல? புதுக்கடைன்னா சனம் யோசிக்கும். இப்ப நம்பி உள்ள வருவாங்க."

"மாமா, இன்னா மாமா இது" என்றேன். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துணியை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நானும் தேய்த்தேன். ஒரு இம்மி கரையவில்லை.

"வராது. மேல வார்னிஷ் குடுத்துருக்கேன். மழைக்குக்கூட அசையாது" என்றார் மாமா. அந்த நேரத்திலும் அவருக்கு அதில் ஒரு பெருமை.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வார்டன் வந்துவிட்டார். வாசலிலேயே நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"புதுசா கட்டுன சமையல்கட்டுன்னு சொன்னீங்க" என்றார் அக்காவிடம்.

"புதுசுதாங்க மேடம்" என்று நான் குறுக்கே விழுந்தேன். "இது அழுக்கு இல்லைங்க, பெயிண்டு. இவரு எங்க மாமா, ரயில் பொம்மைக்கெல்லாம் இப்படி வரைவாரு."

அந்த அம்மா நம்பவில்லை. மாமா எழுந்து போனில் டார்ச் அடித்துக் காட்டினார். "தொட்டுப் பாருங்கம்மா. கருப்புக்கு அடுப்புக்கரி, துருவுக்கு செங்கல் பொடி. எல்லாம் கையால வெச்சது." வார்டன் ஒரு விரலால் சுவரைத் தொட்டார். விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பிறகு சொன்னார்:

"நெஜமான அழுக்கா இருந்தாலும் கழுவிட்டு வாங்கன்னு சொல்லுவேன். இதை என்னான்னு சொல்றது? பிள்ளைங்களோட அப்பா அம்மா வந்து பாப்பாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் இது படம்னு சொல்லிக்கிட்டு நிக்க முடியுமா? நாளையிலேர்ந்து எனக்கு டிபன் வேணும். வேற ரெண்டு பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்கம்மா." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் அன்றைக்கு மாமாவைப் பேசாத பேச்சில்லை. வயதுக்கு மரியாதை கொடுக்கவில்லை, அக்கா புருஷன் என்று பார்க்கவில்லை. நாரை, தேவசகாயத்தின் கடிகாரம், டீத்தூள், எல்லாவற்றையும் இழுத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லா இருக்கணும்னுதான் செஞ்சேன் மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

"நீ சும்மா இரு அன்பு" என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

எப்போதும் போலப் புருஷனுக்குப் பரிந்துகொண்டு வரப் போகிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஆனால் அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நான் கல்யாணம் ஆயி வந்தப்ப உங்க அம்மா புடவையத்தான் கட்டிக்கிட்டேன். கிரைண்டரு உங்க தங்கச்சி வேணாம்னு போட்டது. பீரோ ஏலத்துல எடுத்தது. வூட்டுக் கதவு எங்கியோ இடிச்ச வூட்டுது. நான் ஒண்ணும் கேக்கல. இந்தக் கடை ஒண்ணுதாங்க எனக்குன்னு புதுசா வந்தது. இத்த ஒரு நாளு புதுசாப் பாக்க வுடலியே நீங்க."

ஆர்டர் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா கம்பெனிக்குப் போன் பண்ணி லீவை நீட்டினார். சுரண்டுகிற தகடும் உப்புத்தாளும் வாங்கி வந்து அடுப்புச் சுவரிலிருந்து ஆரம்பித்தார். நான் மனசு கேட்காமல் ஷட்டரை எடுத்துக்கொண்டேன். துரு, புகை, விரிசல், பாசி என்று ஒவ்வொன்றாகத் தூளாகிக் கீழே கொட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை அழகான அழுக்கை நான் பார்த்ததில்லை. அவர் ஒரு இடத்தில்கூடக் கையை நிறுத்தவில்லை. மறுபடி வெள்ளை அடித்தார், தொட்டிக்கு நீலம் அடித்தார், டைல்ஸைத் துடைத்தார். எல்லாம் முடிய மூன்று நாள் ஆயிற்று. விடுதி ஆர்டர் அதற்குள் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

ஆர்டர் போனாலும் பஸ் ஸ்டாண்டு கூட்டம் இருக்கிறதே, இன்றைக்கே இட்லிப் பானையை ஏற்றிவிடலாம் என்று நான் நாலாம் நாள் காலையிலேயே மாவோடு போய் நின்றேன். அக்கா உள்ளே வந்தாள். பளீரென்று இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தாள். தொட்டியைப் பார்த்தாள், ஷட்டரைப் பார்த்தாள். மாமா வாசலுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"அடுப்பப் பத்த வெக்கட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கி வேணாம்டா" என்றாள். ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நாளைக்கிப் பத்த வெச்சுக்கலாம். இன்னிக்கி ஒரு நாளு இது புதுசாவே இருக்கட்டும்."