மூன்று மணி மேடு

ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் தூசி அக்கா என்று பெயர். கண்ணாடிகளையும் லென்ஸுகளையும் பொருத்துவதற்கு முன் சாய்வாக விளக்கடித்து, மற்றவர் கண்ணில் படாத துகளைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கு எங்கள் பாடு திண்டாட்டம்தான். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், மறுபடி துடைக்க வேண்டும்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு ராட்சதத் தொலைநோக்கிக்கான நிறமாலைமானி. நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதிலுள்ள ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளைக் காட்டும் கருவி. மனிதர் நடக்கிற வேகத்தில் ஒரு நட்சத்திரம் அசைந்தாலும் அது காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்காகப் பதினோரு வருடம் அக்கா அந்தக் கருவிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். வேறு ஊரில் ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குப் போன் செய்வாராம்.

கருவியை ஓர் உலோகத் தொட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடினோம். கடைசி போல்ட்டை முறுக்கியவர் அக்காதான். தொட்டி ஓர் அறைக்குள், அந்த அறை இன்னோர் அறைக்குள். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் சூடு மாறக்கூடாது. ஆகவே உள்ளறைக்குள் இனி யாரும் போகக்கூடாது என்று தலைமைப் பொறியாளர் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு மாடியில் ஒரு மேசையும், உதிரிப் பாகங்களின் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையும் கொடுத்தார்கள்.

வெப்ப அளவீடுகளைக் கவனிப்பது என் பொறுப்பு. முதல் வாரமே திரையிலிருந்த கோட்டில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அநேகமாகத் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு எழும், பிறகு இறங்கிவிடும். பம்பை மாற்றினேன். ஏசிக்காரரோடு சண்டை போட்டேன். மேற்குச் சுவரில் வெயில் அடிக்கிறதா என்று வெளியே போய் நின்று பார்த்தேன். நாலு வாரம் மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் இது வரல மேடம். அப்புறம் பதினாலாம் தேதி, பதினஞ்சாம் தேதி வரல. ஏன்னு புரியவே மாட்டேங்குது."

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார்.

"அந்த ரெண்டு நாளும் எனக்குக் காய்ச்சல். வீட்ல படுத்திருந்தேன்."

நாங்கள் திருதிருவென விழித்தோம்.

"மதியம் ஒரு மணிக்கு வெளியறைல உக்காந்து சாப்பிடுவேன். உள்ள போறதில்ல, சத்தியமா. கதவுகிட்ட ஒரு ஸ்டூல் இருக்கு, அதுலதான்."

அவருடைய உடம்புச் சூடு சுவரைக் கடந்து தொட்டியைத் தொட இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது.

"நாலு வாரமா உங்களையா தேடிட்டிருந்தோம்!" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. நானும்தான். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"கேன்டீன் இருக்கே. ஏன் அங்க போய்?"

"கேன்டீன்ல எல்லாரும் கூட்டம் கூட்டமா உக்காந்திருக்காங்க. எங்க உக்கார்றதுன்னு தெரியல. இத்தன வருஷம் இது பக்கத்துலயே இருந்து பழகிட்டேன். தப்புதான் மேடம். இனிமே போகமாட்டேன்."

சிரிப்பு அடங்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் இரண்டு நாள் வரவில்லை என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தொட்டிக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மறுநாள் மேடு எழவில்லை. அக்கா இறங்கி வந்து திரையைப் பார்த்தார். "நேரா இருக்கு. நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

ஒரு வாரம் அவரைக் கேன்டீனுக்கு அழைத்துப்போனேன். என்னென்னவோ பேசிப் பார்த்தேன். லென்ஸைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. பிறகு வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லி என் மேசையிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். உண்மையில் அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு கருவி, தொலைநோக்கி இருக்கும் மலைக்குப் போனது. அங்கே தொட்டியைத் திறந்து சரிபார்த்து மூட அக்காவும் வந்தார். மூன்று வாரம் அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத தெளிவு. மூடிய மறுநாளே, "இனி எனக்கு இங்க என்ன வேல?" என்று பஸ் ஏறிவிட்டார்.

முதல் நட்சத்திரத்தைப் பிடித்த மறுநாள் காலையில் அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"கோடெல்லாம் கூரா இருக்காப்பா?"

"கத்தி மாதிரி இருக்குக்கா."

"சந்தோஷம். வேற?"

இந்தப் பக்கம் எல்லோரும் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப வெச்சிரட்டுமா?" என்றார்.

வைக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்தபடி சும்மா இருந்தோம்.