நாங்கள் எழுதிவைத்த பதில்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில்தான் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. இரண்டாயிரம் பிறந்த புதிது. படியேறும்போதே கீழேயிருந்து உர நாற்றம் மூக்கில் ஏறும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏதோ கருவறைக்குள் நுழைவது மாதிரி நுழையவேண்டும். இருந்த மெஷின்களில் பாதிதான் ஓடும் என்பதால் இரண்டு பேருக்கு ஒரு மெஷின். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, மற்றவர் தட்டவேண்டும். எனக்கு ஜோடியாக வாய்த்தவனைத்தான் கல்யாணம் செய்துகொள்வது என்று சில மாதங்களிலேயே முடிவுசெய்துவிட்டேன். அது நடக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெயர் எழுதப்போவதில்லை. அவனுக்கு இப்போது குடும்பம் இருக்கும்.

சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் எங்கள் ஊரைத் தாண்டி அவன் ஊர். ஆனால் ஊர் நிறுத்தம் வருவதற்கு முன்பே ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிடுவான். அவன் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துகொள்ள, அந்தத் தடத்தில் போகிற எவருக்கும் அது போதும். எனக்கும் முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் பக்கத்தில் உட்கார்ந்தேன், தெரிந்தேதான் மனதையும் கொடுத்தேன்.

எங்களுக்கு அப்போது ஜாவாஸ்கிரிப்ட் பாடம். இரண்டு எண்ணைக் கேட்டுவாங்கிக் கூட்டிச் சொல்லும் ஒரு பக்கம் எழுதினோம். ஐந்தையும் மூன்றையும் கொடுத்தேன். ஐம்பத்துமூன்று என்றது. என் கோபம் முதல் பஸ்ஸில் வரும், புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். கீபோர்டை ஓங்கித் தட்டினேன்.

"அத்த ஏன் அடிக்கிற?" என்றான் அவன். "நாம தட்டறது எல்லாம் எழுத்தாத்தான் உள்ள போவுது. எழுத்தும் எழுத்தும் சேந்தா பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துக்கும். கழிச்சிப் பாரு, அதுவா நம்பரா மாறிக்கும்."

கழித்தேன். இரண்டு வந்தது. இதென்ன நியாயம், கூட்டும்போது ஒரு ஆள், கழிக்கும்போது வேறு ஆளா என்று கேட்டேன். யார் எதற்காகக் கேட்கிறார்களோ அதற்குத் தகுந்தாற்போல மாறிக்கொள்ளும் என்றான்.

அடுத்த வாரம் ஒரு மாணவியைப் பற்றி ஆப்ஜெக்ட் செய்தோம். பெயர், வயது, மார்க், பிடித்த பாடம் எல்லாவற்றையும் அதற்குள் வைத்தோம். திரையில் காட்டு என்று சொன்னால் சின்னப் பெட்டி ஒன்று வந்து "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்" என்றது. அவ்வளவுதான். எவ்வளவு அள்ளி வைத்திருந்தோம், ஒன்றையும் காணோம்.

"இன்னா இது, இவ்ளோ போட்டோமே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது?"

"சொந்தமா ஒரு பதில் நாம எழுதித் தரல இல்ல? அதான், பொறக்கும்போது கூட வந்த பதில எடுத்து நீட்டுது."

அப்படிக் கூடவே வருவதற்கு டூஸ்ட்ரிங் என்று பெயர். கணக்குப் போடுவதற்காகக் கேட்டால் முதலில் வேல்யூஆஃப் என்ற இன்னொன்று பதில் சொல்லப் பார்க்கும். காட்டுவதற்காகக் கேட்டால் டூஸ்ட்ரிங்தான். அதே பெயரில் நாமே ஒன்றை எழுதி உள்ளே வைத்துவிட்டால், பிறவியில் வந்தது வாயைத் திறக்காது. நாம் எழுதியதுதான் பேசும். அவன் என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு எழுதினான். மறுபடி கேட்டபோது பெட்டியில் என் பெயரும், பக்கத்தில் "கோபக்காரி" என்ற சொல்லும் வந்தன. நான் சிரித்த சிரிப்பில் சென்டர்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

எங்கள் திட்டம் அதிலிருந்துதான் பிறந்தது. "யார் வூட்டுப் புள்ள" என்று யாராவது கேட்பதற்குள், அவன் எப்படிப்பட்டவன் என்பது என் அப்பாவுக்குத் தெரிந்துவிட வேண்டும். எங்கள் பதிலை முதலில் எழுதிவைத்துவிட்டால் பிறவிப் பதிலுக்கு வேலையில்லை. கம்ப்யூட்டர் படித்த இரண்டு மடையர்கள் மட்டுமே இப்படி ஒரு திட்டம் போட முடியும்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கொஞ்சம் நிலமும் நிறைய வீம்பும் உள்ள மனிதர். எனக்காகக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்திருந்தார். அது தினமும் நின்றுபோகும். அதைச் சரிசெய்ய ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்தான். வந்தவன் எங்கள் பம்புசெட் ஸ்டார்ட்டரையும் கழற்றிப் பார்த்து ஓடவைத்தான். அப்பா மயங்கிவிட்டார். அவன் பெயரை வாய் நிறையச் சொல்லிக் கூப்பிடுவார், பக்கத்தில் உட்காரவைத்து இட்லி சாப்பிடச் சொல்வார். டீக்கடையில்கூட அவனைப் பற்றித்தான் பேச்சு என்று அம்மா சொன்னாள். நாங்கள் எழுதியது பேச ஆரம்பித்துவிட்டது என்று நம்பினேன். இன்னும் ஒரு மாதம் போனால் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றிருந்தோம்.

அப்போதுதான் எங்கள் பங்காளி ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தார். திரையை ஒரு நிமிடம் பார்த்திருப்பார். பிறகு அப்பாவிடம், "தம்பி யாரு வூட்டுப் புள்ள?" என்றார்.

அப்பா பெருமையாகப் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அது தனக்குத் தெரியாது என்பது அவருக்கே உறைத்தது. அவன் பக்கம் திரும்பி, "உனுக்கு எந்தூருப்பா?" என்று கேட்டார். அவன் ஊர்ப் பெயரைச் சொன்னான்.

"ஊரா, காலனியா?" என்று பங்காளி குறுக்கே கேட்டார்.

"காலனிங்க," என்றான். தயங்கவில்லை, தலைகுனியவும் இல்லை. அதற்காக இன்றைக்கும் அவனை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

யாரும் சத்தம் போடவில்லை. அப்பா பம்புசெட் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "சரிப்பா, கெளம்பு. பஸ் வந்துடும்," என்றார். பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது.

அவன் போனதும் நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் என்ன குறை என்று கேட்டேன். அப்பா அடிக்கவில்லை, அறையில் போட்டுப் பூட்டவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒரு கொறையும் இல்லம்மா. தங்கமான பையன்," என்றார். "ஆனா மாப்ள யாருன்னு நாளிக்கு ஊர்ல கேப்பானுங்களே. நான் இன்னான்னு சொல்றது?"

அவன் படிப்பைச் சொல்லுங்கள், வேலையைச் சொல்லுங்கள், ஸ்டார்ட்டரை ஓடவைத்ததைச் சொல்லுங்கள் என்று கத்தினேன்.

"அத்தெல்லாம் ஒருத்தனும் கேக்க மாட்டாம்மா," என்றார் அப்பா.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். மெட்ராஸ் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம், இன்றைக்கே கிளம்பு என்றேன்.

"நாம பூடலாம். எங்கம்மா எங்க பூடும்?" என்றான். "உங்க மாமன் கயனிலதான் அது நட்டுக்கினு கீது. அங்கதான் சோறு. கோவம் வந்தா உங்காளுங்க மொதல்ல எங்க வருவாங்கன்னு உனுக்குத் தெரியாதா?"

அவன் அம்மா நாற்று நடுவது என் மாமாவின் கழனியில் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவன் என்னிடம் சொன்னதே இல்லை. என் கோபத்துக்கு அன்று போக இடமில்லாமல் போயிற்று. அவன் பஸ் வந்தது, ஏறிப் போனான். சில வாரங்களில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகச் சென்டர்காரர் சொன்னார்.

மிச்சப் பாடத்தை நான் தனியாக, நானே வாசித்து நானே தட்டி முடித்தேன். அதில் ஒன்று. நாம் தட்டுகிற வெறும் எழுத்துத்தொடர் ஓர் ஆப்ஜெக்ட் அல்ல. ஆனால் அதனிடம் உன் நீளம் என்ன என்று கேட்டால், மெஷின் அந்தக் கணத்துக்கு மட்டும் அதைச் சுற்றி ஓர் ஆப்ஜெக்டை உண்டாக்கி, பதிலை வாங்கிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடும். அதன்மேல் நாம் எதையாவது மாட்டிவைத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். அடுத்த வரியில் போய்ப் பார்த்தால் இருக்காது. தப்பு என்றுகூடச் சொல்லாது. உரக்கடை மாடியில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதங்களும் அப்படித்தான் போயின. மெஷினை அணைக்காமலே இறங்கிவந்து, பஸ் ஸ்டாண்டுக் கழிவறையில் நின்று அழுதேன்.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது, சென்னைக்கு வந்தேன். நல்ல மனிதர்தான். இது அவரைப் பற்றியது அல்ல.

சில வருடங்கள் கழித்து அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வைத்தியத்துக்காக என் வீட்டில் வந்து இருந்தார். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போதும் என்று கையைக் காட்டிவிட்டு, "அன்னிக்கு உன் பேச்சக் கேட்டிருக்கணும்மா," என்றார்.

"எத்த நைனா?"

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண வந்தானே. தங்கமான பையன். உன்ன நல்லா வச்சிக்கினு இருந்திருப்பான்."

இந்த வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை வருடம் காத்திருந்தேன் என்பது அதைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெயரை அவர் வாயால் ஒருமுறை கேட்கவேண்டும் போலிருந்தது.

"அவன் பேரு ஞாபகம் கீதா நைனா?"

அப்பா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே தேடினார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்து, பாசமாகத்தான் சொன்னார்.

"அதாம்மா, அந்தக் காலனிப் பையன்."