காரியத்துக்கு முன் அறுத்த புடவை

எங்களுக்குப் புடவை ஆர்டர் கொடுக்கும் கம்பெனியைச் சென்னையில் ஓர் அம்மா ஆரம்பித்தபோது, ஆரணியில் அதற்கு மூன்றே தறிகள். ஒன்று எங்களுடையது. அந்த அம்மாவே பஸ்ஸில் வருவார், தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து டீ குடிப்பார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்றதும், "உடம்பு சரியானப்புறம் நெய்யுங்க, புடவை எங்கயும் ஓடிப்போகாது" என்றார். பிறகு கம்பெனி வளர்ந்தது. பணக்காரப் பெண்கள் பேர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். துபாயில்கூடக் கடை. எங்கள் தெருவில் பாதித் தறிகள் அதற்குத்தான் ஓடின. அந்த அம்மா வருவது நின்றது, சூப்பர்வைசர் வந்தார். தேதி தவறினால் அந்தத் தறிக்கு இனி ஆர்டர் கிடையாது என்றார்.

போன கல்யாண சீசனில் என் மாமனார் இறந்தார். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை, முந்தி மட்டும் பாக்கி. கம்பெனியின் புதுக் கடைத் திறப்புக்கு அது போயாக வேண்டும். சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எங்களில் யாரும் தறியில் உட்காருவதில்லை. மாலை போட வந்த சூப்பர்வைசர் போகும்போது, "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும் இல்லீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு உறவுக்காரர்கள் போளூர் பஸ் ஏறியதும், கதவைச் சாத்தியது நான்தான்.

"உக்காருங்க. முந்திதானே, ஜல்தியா முடிச்சுடலாம்" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"எங்கப்பன் செத்து நாலு நாள் ஆவல. இன்னா பேசிகினு இருக்க நீ?"

"ஆர்டர் போச்சுன்னா அடுத்த மாசம் இன்னா பண்றது?"

உட்கார்ந்தார். அழுதுகொண்டே நெய்தார். கண்ணீர் பட்டில் விழுந்துவிடாமல் துண்டால் துடைத்துத் துடைத்து நெய்தார். நான் டிவியைச் சத்தமாக வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கள் தெருவில் தறிச் சத்தம் யாருக்குத் தெரியாது?

புடவை வெள்ளிக்கிழமையே போயிற்று. "உங்க வீடு மாதிரி நாலு வீடு இருந்தா கம்பெனி இன்னும் பத்துக் கடை தொறக்குங்க" என்றார் சூப்பர்வைசர். எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. 

இரண்டு மாதம் கழித்து, எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தேவிகாபுரத்திலிருந்து போன். அவள் அம்மாவுக்கு முடியவில்லை, இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். அவளும் அதே கம்பெனிக்குத்தான் நெய்கிறாள். சூப்பர்வைசரிடம் நாலு நாள் தவணை கேட்டாள். அவர் எங்கள் வீட்டைக் கைகாட்டினாராம். "அங்க பொணம் போன வீட்லயே தறி ஓடிச்சு. உங்கம்மா உசுரோடதானே இருக்காங்க?" பாவம், புடவையை நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

காரியம் முடித்துத் திரும்பியவள் நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"மூணு நாளா என்னத்தான் கேட்டுகினே இருந்துச்சாம் எங்கம்மா. நான் போவும்போது ஒடம்பு சில்லுனு ஆயிடுச்சு. அன்னிக்கு நீங்க தறிய நிறுத்தியிருந்தா, நானும் நிறுத்திட்டுப் போயிருப்பேன்க்கா."