என் மருமகளைப் பதவி இறக்க நான் வகுத்த விதிகள்

எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிற மனிதனிடம் அரசியல் பேசக் கூடாது. எழுபது வயது தாண்டிய பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது.

போன சாரல் பருவத்தில் ஒரு காலை. ஐந்தருவியில் ஆண்கள் பக்கம் நாங்கள் மூன்று பேர் துண்டோடு நின்றுகொண்டிருந்தோம். என் வயதுக்காரரான, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர்; எங்கள் தெருமுனையில் அரிசிக்கடை வைத்திருப்பவர், எங்களைவிடப் பத்து வயது இளையவர்; பிறகு நான், கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவன். தலையில் வைத்த எண்ணெய் நெற்றி வழியாகக் கண்ணில் இறங்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதி வரிசையை நிறுத்திவிட்டார். யாரோ ஒரு பெரிய மனிதர் குளிக்கிறாராம். அவர் குளித்து முடிக்கிறவரை ஊர் எண்ணெயோடு நிற்க வேண்டும்.

"யாரு வே அது?" என்றார் வங்கி நண்பர்.

"யாரா இருந்தா என்ன அண்ணாச்சி, எனக்குக் கண்ணு எரியுது" என்றார் கடைக்காரர்.

யாருமே கேட்காத கேள்விக்கு முழு விடை சொல்வது என் தொழில் நோய். ஆரம்பித்தேன். பதவியில் இருப்பவன் வரிசையில் நிற்க வேண்டும். அவன் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்க வேண்டும், அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அரசு ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் படுக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விரலில் மை வைப்பதற்குப் பெயர் ஜனநாயகம் இல்லை. ஓட்டுப் போட்டவனுக்குத் திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும்.

"மாசா மாசம் தேர்தல் வைக்கச் சொல்லுதீரா?" என்றார் வங்கி நண்பர். "ஒருத்தன் நாக்காலில உக்காந்து சூடேறுததுக்குள்ள எழுப்பிருவீரு. அப்புறம் எவன் வே வேலை பாப்பான்? அதிகாரிதான் ராஜா. அவனை யாரு திரும்பக் கூப்பிடுதது?"

"அதிகாரியும் பதில் சொல்லணும். சம்பளத்துல பிடிக்கணும்."

"எனக்கு ஒரு யோசனை" என்றார் கடைக்காரர். "ஊருக்குத் தண்ணி வராத அன்னைக்கு அவங்க வீட்டுக் குழாய்லயும் வரக் கூடாது. இத ஒண்ணு செஞ்சாப் போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும்."

அது ஏட்டில் இல்லாத யோசனை என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. மாதாமாதம் மக்கள் பிரதிநிதி தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், ஒரே கேள்விக்கு மூன்று மாதம் பதில் வராவிட்டால் பதவியை விட்டு இறங்க வேண்டும் என்று என் விதிகளை அங்கேயே வகுத்து முடித்தேன். அதற்குள் அந்தப் பெரிய மனிதர் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோது சிரித்தார். எங்கள் மூன்று பேர் கைகளும் தானாகக் குவிந்தன. என் கைதான் முதலில் குவிந்தது என்று வங்கி நண்பர் இன்றும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.

வரிசை நகர்ந்தபோது கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, இந்த விதியெல்லாம் டெல்லிக்கு மட்டுந்தானா, நம்ம தெருவுக்கும் உண்டா?"

"எல்லா ஊருக்கும் உண்டு."

"அப்ப நம்ம வார்டுலயே ஆரம்பிச்சிருவமே."

வங்கி நண்பர் அருவியைப் பார்த்தார். எங்கள் பேரூராட்சியில் எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் என் மருமகள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், சொந்த வீடு என்றதும் பேராசிரியர் பம்முகிறார் என்பார்கள். அந்தப் பயத்தில், "தாராளமா ஆரம்பிப்போம். தலைமை நான் தாங்குறேன்" என்றேன். ஒரு பெண்ணின் நான்கு வருட உழைப்பைப் பந்தயம் வைத்து என் நடுநிலைமையை நான் பெருக்கிக்கொண்டேன். இதை இப்படித்தான் எழுத வேண்டும். வேறு மாதிரி எழுதினால் பொய்.

அவள் கவுன்சிலரான கதையையும் சொல்லிவிடுகிறேன். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது கட்சிக்காரர்கள் என் மகனிடம் வந்து, "ஒங்க வீட்டம்மா பேர்ல நிப்பாட்டுவோம், நீங்க பாத்துக்கிடுங்க" என்றார்கள். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். ஜெயித்த மறுநாள் மகன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். "நீங்க எங்கன கிளம்பிட்டிய? ஓட்டு எனக்குல்லா போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அன்றிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறாள். மறுபடியும் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த இடத்துக்குக் கட்சியில் வேறொருவர் மனைவியும் காத்திருக்கிறார். தெரு இவளைப் பார்த்து ஒருமுறை சிரித்தால் போதும், சீட்டு கைமாறிவிடும். இதையெல்லாம் மகன் எனக்கு எடுத்துச் சொன்னான். "நேர்மையானவங்க எதுக்குப் பயப்படணும்?" என்று அவனுக்கும் ஒரு வகுப்பு எடுத்தேன்.

அவள் மட்டும் மறுக்கவில்லை. தோசை வைத்துக்கொண்டே, "வாரேன் மாமா. கேள்வி முன்கூட்டியே தருவியளா, அங்கனதான் கேப்பியளா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, கடைக்காரர் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்த பிறகு, அவர் அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கி முன்னால் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டோம். தெருவில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். எரியாத விளக்கு, நாய்த்தொல்லை, குடிதண்ணீர் வருகிற நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவள் சளைக்காமல் பதில் சொன்னாள். முடியாததை முடியாது என்றாள். நான் நடுவில் உட்கார்ந்து, கல்லூரி ஞாபகத்தில், "அடுத்த கேள்வி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் பெருமைதான்.

அப்போது தெருக்கடைசி வீட்டுப் பெண் எழுந்தாள். தையல் வேலை செய்கிறவள்.

"ஒவ்வொரு சாரலுக்கும் வாறுகால்ல சாக்கடைத் தண்ணி நெறஞ்சி எங்க அடுப்படிக்குள்ள வருது. பிள்ளையளக் கட்டில் மேல ஏத்தி வச்சிட்டு நான் வாளில கோரி ஊத்துதேன். நாலு வருசமா ஒங்ககிட்ட சொல்லுதேன். ஏன் செய்யல?"

மருமகள் மடியில் இருந்த நோட்டைப் புரட்டினாள்.

"உறுப்பினர் பதில் சொல்லணும்" என்றேன்.

"செஞ்சிருக்கணும். செய்யல. எந் தப்புதான்" என்றாள்.

"காரணம் என்ன? அடைப்பு எங்கன இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் எடுக்கல? சபைக்குச் சொல்லணும்."

அவள் என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். "அடுத்த மாசத்துக்குள்ள பண்ணிருதேன்" என்று மட்டும் சொன்னாள். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது எதற்கான சிரிப்பு என்று விளங்காமலேயே, "இது முதல் எச்சரிக்கை" என்று நான் அறிவித்தேன். என் மருமகளுக்கு, ஊர் முன்னால், நான்.

கூட்டம் கலைந்ததும் கடைக்காரர் என்னோடு வீடுவரை நடந்து வந்தார். வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"என்னது?"

அவர் குனிந்து, ஒரு குச்சியை எடுத்து, என் வீட்டு வாசலுக்கு அடியில் ஓடும் வாறுகாலுக்குள் விட்டார். குச்சி ஒரு முழம்கூடப் போகவில்லை. ஓய்வுபெற்ற வருடம் கார் வாங்கினேன். அது வீட்டுக்குள் ஏறுவதற்காக வாறுகாலை மூடிச் சிமெண்டில் சரிவாகத் தளம் போட்டேன். அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்தேன். அதற்குள் மண்வெட்டி நுழையாது, ஆள் கையும் நுழையாது. என்னைப் பார்த்து எதிர்வீட்டில் போட்டார்கள், அடுத்த வீட்டில் போட்டார்கள். பேராசிரியரே போட்டிருக்கிறாரே என்பதுதான் அவர்களுக்கு அனுமதி.

"எனக்குத் தோணவே இல்லையே" என்றேன் கடைக்காரரிடம். அவரும் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அது பொய். எனக்குத் தெரியும். அவள் ஜெயித்த முதல் வருடமே என்னிடம் வந்து, "மாமா, வாசல்ல அந்தத் தளத்தக் கொஞ்சம் இடிச்சிட்டு, எடுத்து மாட்டுத மாதிரி இரும்புத் தட்டி போட்டுக்கிடலாமா? தண்ணி போக வழியில்லாம கடைசி வீட்டுல ஏறுது" என்று கேட்டாள். "ஓட்டு வாங்குறதுக்கு வீட்ட இடிக்கணுமா? மேல் நோக்கிப் பாரும்மா, கொள்கை அளவுல யோசி" என்று சொல்லிவிட்டு நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். அவள் அப்புறம் கேட்கவில்லை. எங்கள் தளம் இருக்கிறவரை தெருவில் வேறு எந்தத் தளத்தையும் அவளால் தொட முடியாது. ஒவ்வொரு சாரலுக்கும் திட்டு அவளுக்கு, கார் எனக்கு. இது எனக்குத் தெரியாமல் போகவில்லை. தெரிந்ததை எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தேன். அன்று சபையில் அதே கேள்வியை அவளிடமே தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா. அடைப்பு எங்க மாமனார் வாசல்லன்னு."

"சபையில வச்சு மாமனாரக் காட்டிக்குடுத்துட்டு ராத்திரி ஒங்களுக்கு எப்பிடிச் சோறு போட?" என்றாள். பிறகு சிரிக்காமல், "அதோட, தலைவரையும் கேள்வி கேக்கலாம்னு ஒங்க விதில எங்கயும் இல்லயே மாமா" என்றாள்.

நாளைக்கே கொத்தனாரை வரச்சொல்லி இடித்துவிடுகிறேன் என்றேன். யாருக்கும் தெரியாமல் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்ற நினைப்பு அப்போதும் இருந்தது. அவள் அதைப் பிடித்துவிட்டாள்.

"நீங்க ஒண்ணும் இடிக்காண்டாம். நோட்டீஸ் வரும். கையெழுத்துப் போட்டு வாங்குங்க. தெரு பாக்க, பேரூராட்சி ஆளு வந்துதான் இடிக்கணும். இல்லாட்டி எதுத்த வீட்டுல நான் எந்த மொகத்தோட நோட்டீஸ் நீட்டுவேன்?"

நோட்டீஸ் கொண்டுவந்த ஊழியர் அதை நீட்டவே கூச்சப்பட்டார். "சார், தப்பா நெனைக்காதிய, மேடந்தான் குடுக்கச் சொன்னாங்க" என்றார். உள்ளே மேடம் குக்கருக்கு வெயிட் போட்டுக்கொண்டிருந்தாள்.

இடிக்க வந்த அன்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இயந்திரத்தின் கை இறங்கிச் சிமெண்ட் பிளந்தபோது வங்கி நண்பர் என் தோளில் கைபோட்டு, "ஒரு ஆட்சி கவுந்த மாதிரில்லா வே இருக்கு" என்றார். அடியில் இருந்து வந்த நாற்றத்தை விவரிக்க விரும்பவில்லை. அத்தனையும் என் வீட்டு வாசலில் சேர்ந்து இருந்தது. அதற்குப் பிறகு எதிர்வீடு, அடுத்த வீடு என்று தெருக்கடைசிவரை போனார்கள். திட்டிக்கொண்டே எல்லாரும் விட்டுக்கொடுத்தார்கள். திட்டில் முக்கால்வாசி எனக்கு வந்தது. அது சரியான முகவரிதான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தலைவர் நாற்காலி போட வேண்டாம் என்றேன். பதில் சொல்கிற நாற்காலியில் அவளுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். தையல்காரப் பெண்தான் எழுந்தாள்.

"சார், அந்தத் தளத்த ஏன் இத்தன வருசமா இடிக்கல?"

"கார் ஏற சௌகரியமா இருந்திச்சு. அதான்."

"தண்ணி எங்க வீட்டுக்குள்ள வாரது தெரியுமா?"

"தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என்னை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "இந்தச் சாரலுக்குத் தண்ணி வரல. ஆனா தொறந்து கெடக்கதுல கொசு அப்புது. அதுக்கு என்ன செய்யப் போறிய?"

மருமகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டு அம்மா தன் வாசலில் பலகை போட்டுத் தாண்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நின்றார்.

"எங்க வாசல இடிச்சவளுக்கு நான் ஓட்டு வேற போடணுமாக்கும்? மொதல்ல ஒங்க வாசல இடிச்சா பாருங்க, அதான் என்னால வாயத் தொறக்க முடியல."

"அப்ப ஓட்டு?" என்றேன்.

"அத ஒங்ககிட்ட எதுக்குச் சொல்லணும் சார்?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

இரும்புத் தட்டிக்கு நாங்களும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். மனு கொடுத்தவர்கள் வரிசைப்படிதான் வரும் என்று மேடம் சொல்லிவிட்டதால் எங்கள் வாசலிலும் பலகைதான். கார் தெருவில் நிற்கிறது. ஸ்கூட்டர் மட்டும் பலகை மேல் ஏற வேண்டும், பின்னால் ஒரு ஆள் வேண்டும்.

"சும்மா நிக்காதிய மாமா, தள்ளுங்க" என்றாள். தள்ளினேன்.